பிள்ளை முன்னால் வாங்கிய நல்ல பெயர், கெட்ட பெயரைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் டியூஷன்: தருமபுரியிலிருந்து ஒரு அம்மாவின் விமர்சனம்

தருமபுரியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. ஒரு சாரும் அவருக்குத் துணையாக ஒரு மிஸ்ஸும் எடுக்கிறார்கள், என் மகள் ஒன்பதாவது தொடங்கியதிலிருந்து அங்கே போகிறாள். பெயரைப் போடவில்லை, காரணம் இருக்கிறது. போட்டால் அங்கே படிக்கிற பிள்ளைகள் யார் யார், எந்தப் பள்ளி என்று நம்ம ஊரில் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், நான் எழுதப்போகும் விஷயமே அதைப் பற்றியதுதான். வெளியே ஃபிளெக்ஸ் கிடையாது, 490 எடுத்த பிள்ளையின் போட்டோ கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் காட்டுவார்கள்.

முதலில் நாங்கள் ஏன் மாறினோம் என்று சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் வேறொரு சென்டரில் சேர்க்கப் போனோம், பெயர் வேண்டாம். ரேங்க் கார்டு ஜெராக்ஸ் கேட்டார்கள், கொடுத்தோம். மறுநாள் வரச்சொன்னார்கள். போனால், "ஸ்கூல்ல விசாரிச்சோம்மா, பொண்ணு கொஞ்சம் எதிர்த்துப் பேசுமாமே, அண்ணனும் அங்கதான் படிச்சானாமே" என்றுதான் பேச்சே ஆரம்பித்தது. என் மகன் பத்தாவது படிக்கும்போது ஒரு அடிதடியில் மாட்டினான், உண்மைதான், மறைக்க ஒன்றும் இல்லை. அவன் இப்போது பாலிடெக்னிக்கில் ஒழுங்காகப் படிக்கிறான். ஆனால் அவனுடைய அந்த ஒரு சம்பவம் அவனை விட்டுப் போன பிறகும் தங்கையின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே ஒரு டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "ஓ, நீ அவன் தங்கச்சியா" என்று கேட்டிருக்கிறார். பதினோரு வயதுப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்? அந்த சென்டரில் அவளை 'பி' பேட்ச் என்றார்கள். மார்க்கை வைத்தா, விசாரணையை வைத்தா என்று கேட்டேன், "ரெண்டையும் பார்த்துதான்" என்று பதில் வந்தது. அங்கே சேர்க்கவில்லை.

இந்த மாடி டியூஷனில் நடந்தது நேர் எதிர். சேர்க்கை ஃபாரம் ஒரு பக்கம்தான். பெயர், வகுப்பு, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, எந்த ஊர் பஸ், கடைசி பஸ் எத்தனை மணி, சாயங்காலம் வீட்டில் பெரியவர்கள் யார் இருப்பார்கள். அப்புறம் உடம்பு சம்பந்தமாக: கண்ணாடி உண்டா, காது நன்றாகக் கேட்குமா, வலிப்பு, வீசிங், வேறு மாத்திரை ஏதாவது. கடைசியில் பிள்ளையே எழுத வேண்டிய ஒரு கேள்வி: "கணக்கில் எந்த இடத்தில் புரியாமல் போக ஆரம்பித்தது?" அவ்வளவுதான். மார்க் போட இடமில்லை, நடத்தை எப்படி என்று கேட்கவில்லை, முன்னால் எங்கே டியூஷன் போனாள் என்பதுகூட இல்லை. நான் பழக்க தோஷத்தில், "சார், இவ அண்ணன் ஒருத்தன்" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அது இப்ப வேணாம்மா. ஒரு மாசம் போகட்டும், நானே உங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். இப்ப சொன்னீங்கன்னா நான் இவளைப் பார்க்க மாட்டேன், நீங்க சொன்னதைத்தான் பார்ப்பேன்" என்றார். மகள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன், அதற்குமேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

அன்றே ஒரு பேப்பர் கொடுத்து உட்கார வைத்தார். ஐந்தாம் வகுப்புப் பின்னத்தில் ஆரம்பித்து, குறை எண்கள், விகிதம், எளிய சமன்பாடு என்று ஏறிக்கொண்டே போகிற கேள்விகள். மொத்த மார்க் போடவில்லை. எந்தக் கணக்கில் தடுமாறினாள் என்று மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார். என் மகளுக்குச் சிக்கல் குறை எண்களில் இருந்தது, அதாவது ஒன்பதாம் வகுப்பு மெய்யெண்களும் இயற்கணிதமும் புரியாததற்கு வேர் ஏழாம் வகுப்பிலேயே இருந்திருக்கிறது. மூன்று வருடம் பள்ளியில் எல்லோரும் அவள் வாயைப் பற்றிப் பேசினார்களே தவிர, இதை யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் என் கருத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியருக்குப் பிள்ளையைப் பற்றி முன்கூட்டியே எதுவுமே தெரியக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்தால் முதல் நாளே ஏதாவது நல்லது செய்ய முடிகிற விஷயமாக இருந்தால் கட்டாயம் தெரிய வேண்டும். கண் பவர் என்றால் முன் பெஞ்சில் உட்கார வைக்கலாம். வலிப்பு வரும் என்றால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருக்கலாம். அப்பா இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றால் "உங்கப்பாவைக் கூட்டிட்டு வா" என்று வாய் தவறிச் சொல்லாமல் இருக்கலாம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தொடர்ந்து அடித்திருந்தால், அடிபட்ட பிள்ளையின் பாதுகாப்புக்காக அதுவும் தெரிய வேண்டும். ஆனால் "திமிர்", "மந்தம்", "கூட்டு சரியில்லை", "வீடு சரியில்லை" என்று சொல்வதை வைத்துக்கொண்டு ஒரு ஆசிரியர் முதல் நாள் என்ன செய்ய முடியும்? எப்போது தப்புப் பண்ணுவாள் என்று பார்த்துக்கொண்டு உட்காரத்தான் முடியும். பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளையிடமும் ஏதாவது ஒன்று கிடைக்கும்.

என் தங்கை பி.எட். படித்தவள், இதைச் சொன்னதும் அவள் சில ஆய்வுகளை எடுத்துச் சொன்னாள். 1960களில் கலிபோர்னியாவில் ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இரண்டு பேர் ஒரு ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு வைத்துவிட்டு, "இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் வேகமாக முன்னேறப் போகிறார்கள்" என்று ஆசிரியர்களிடம் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். உண்மையில் அந்தப் பட்டியலில் இருந்த எல்லோருமே, பள்ளியின் பிள்ளைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, குலுக்கல் முறையில் பொறுக்கப்பட்டவர்கள். வருடக் கடைசியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் ஏறியிருந்தார்கள், மேல் வகுப்புகளில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 1968-இல் இது வெளிவந்தபோது தேர்வு முறையே சரியில்லை என்று கடுமையான விமர்சனமும் வந்தது. பின்னால் 2005-இல் லீ ஜஸ்ஸிம், கென்ட் ஹார்பர் இருவரும் பல வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தப் பாதிப்பு உண்மைதான், ஆனால் பொதுவாகச் சிறியது, ஆசிரியர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, ஏற்கெனவே இழிவாகப் பார்க்கப்படுகிற பிரிவுப் பிள்ளைகளிடம் மட்டும் பாதிப்பு அதிகமாக இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். அந்தக் கடைசிப் பகுதி எனக்குப் போதும். எல்லாப் பிள்ளைக்கும் சமமாக அடிபடாது என்றால், அடிபடுகிற பிள்ளை யார் என்று நம் மாவட்டத்தில் இருக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதைவிட என்னை உட்கார வைத்தது 1970-இல் ரே ரிஸ்ட் எழுதியது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியின் மழலை வகுப்பை அவர் கூடவே இருந்து கவனித்தார். பள்ளி தொடங்கி எட்டாவது நாளே டீச்சர் பிள்ளைகளை மூன்று மேசையாகப் பிரித்து நிரந்தர இடம் கொடுத்துவிட்டார். அதற்குள் எந்தப் பரீட்சையும் வைத்திருக்கவில்லை. டீச்சர் கையில் இருந்தது பதிவு ஃபாரம், எந்தக் குடும்பம் அரசு உதவித்தொகை வாங்குகிறது என்ற விவரம், அம்மாக்களுடன் பேசிய பேச்சு, அப்புறம் அண்ணன் அக்காக்களைப் பற்றி அந்தப் பள்ளியில் இருந்த பெயர். அண்ணன் பெயர்! இரண்டாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பிரிவு கிட்டத்தட்ட அப்படியே தொடர்ந்தது என்கிறார்.

சார் ஏன் ஒரு மாதம் என்கிறார் என்பதற்கும் தங்கையிடம் பதில் இருந்தது. ஸ்டீபன் ராடன்புஷ் 1984-இல், ரோசந்தால் செய்த மாதிரியான 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். ஆசிரியருக்கு அந்தப் பிள்ளைகளோடு ஏற்கெனவே இரண்டு வாரத்துக்கு மேல் பழக்கம் இருந்தால், வெளியிலிருந்து சொன்னது ஏறக்குறைய எடுபடவே இல்லை. பழக்கம் இல்லாதபோதுதான் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. சாரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது, "அனுபவத்துல நானும் அதைத்தாம்மா கண்டேன்" என்றார்.

அந்த ஒரு மாதம் முடிந்ததும் சொன்னபடியே கூப்பிட்டார். முதலில் அவர் பார்த்ததைச் சொன்னார், பிறகுதான் என்னைக் கேட்டார், அந்த வரிசை ரொம்ப முக்கியம். "நிறையக் கேள்வி கேக்குறா, பாதிக் கேள்வி நல்ல கேள்வி. மத்த புள்ளைங்க கணக்குப் போட்டுட்டு இருக்கும்போது குறுக்க பேசுறா, ரெண்டு தடவை திட்டினேன். மைனஸ் தகராறு முக்கால்வாசி தீர்ந்துருச்சு. வீட்டுக்கணக்கு வியாழக்கிழமை மட்டும் வர்றதில்ல, ஏன்?" வியாழக்கிழமை நான் வேலையிலிருந்து வரத் தாமதமாகும், அவள்தான் பாட்டிக்குச் சமைக்கிறாள். அதை நான் சொல்லாமல் அவர் கண்டுபிடித்தார். அப்புறம் அண்ணன் விஷயத்தை நான் சொன்னேன், கேட்டுக்கொண்டார், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டு வாங்கியதைப் பற்றி மகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஏனென்றால் அது அவள் செய்ததற்காக வாங்கிய திட்டு.

அங்கே வரும் மற்றப் பிள்ளைகளையும் பார்க்கிறேன். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வருகிறான், அவன் அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை, இவன் பாட்டியோடு இருக்கிறான். பண்டிகைக்கு அங்கே போனால் திரும்பி வர நான்கைந்து நாள் கூடுதலாக ஆகிவிடும். பள்ளியில் 'லீவு பார்ட்டி' என்று பெயர். இங்கே அவன் போய்விட்டு வந்தால் விட்டுப்போன பாடத்தை ஒரு மணி நேரம் முன்னால் வரச்சொல்லி முடித்துக் கொடுக்கிறார்கள். இன்னொரு பையன் பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான். நம் மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்குப் புரியும், ஃபுளோரைடு தண்ணீரில் பல் கறை ஏறிய பிள்ளைகள் எத்தனை பேர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது, ஆனாலும் சின்ன வயதில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கறை கறைதான். "கேட்டா வாயே திறக்க மாட்டான், மந்தம்" என்று அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சார் வாய்மொழியாகக் கேட்பதற்குப் பதில் எல்லோரையுமே சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்கிறார். அவனை மட்டும் தனியாகச் சொல்லவில்லை, எல்லோரும்தான். பாதி நாள் முதலில் தூக்குவது அவன்தான் என்று மகள் சொல்கிறாள். இதே ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற பிள்ளை தமிழ் வகுப்பில் அமைதியாக இருந்தால் என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். அறிவியல் எடுக்கும் மிஸ் விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அவருக்குப் பள்ளி டீச்சர்களோடு பழக்கம், என் மகளைப் பற்றி வெளியே கேட்டுவிட்டார். அவளை முன் வரிசை ஓரத்தில் தனியாக உட்கார வைத்தார், பேனா கீழே விழுந்தால்கூட "ஆரம்பிச்சுட்டியா" என்றார். சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மழுப்பவில்லை, "கேள்விப்பட்டதை அழிக்க முடியாதும்மா, ஆனா நடந்ததை மட்டும் எழுதச் சொல்றேன்" என்று ஒரு நோட்டைக் கொடுத்து, பிள்ளைகளைப் பற்றிப் புகார் என்றால் தேதி போட்டு நடந்ததை மட்டும் அதில் எழுத வேண்டும் என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு குறைந்தது. முழுதாகப் போகவில்லை. ஒரே ஒரு தடவை காதில் விழுந்தது எவ்வளவு நாள் வேலை செய்கிறது என்பதை இதில்தான் நேரில் பார்த்தேன். பாடம் நடத்துவதிலும் மிஸ் சுமார்தான், புத்தகத்தை வாசித்துக்காட்டி நோட்ஸ் சொல்வது அதிகம். இயற்பியல் கணக்குகளைச் சாரே எடுத்தால் நன்றாக இருக்கும்.

பிள்ளைகளும் கதை கொண்டு வருகிறார்கள், அதைத் தடுக்க முடியாது. "சார், இவன் ஸ்கூல்ல என்ன பண்ணான் தெரியுமா" என்று ஆரம்பித்தால், "இங்க நடந்ததை மட்டும் சொல்லு" என்று வெட்டிவிடுகிறார். சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை என்பதும் தெரியும். தன் பிள்ளை நல்ல பிள்ளை, முதல் ரேங்க் என்று சொல்லிச் சேர்க்க வருகிறவர்களையும் அதே மாதிரி நிறுத்துகிறார். ஒரு அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது சரியாகவே படுகிறது. நல்ல பெயரும் சுமைதான், 'கணக்குல புலி' என்று பெயர் வாங்கின பிள்ளை புரியவில்லை என்று கை தூக்கவே கூச்சப்படும்.

அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழி ஒருத்தி இதை ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் முன்னால் இருந்த டீச்சர் இரண்டு வார்த்தை சொன்னால் எனக்கு எவ்வளவு நேரம் மிச்சம் தெரியுமா என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எந்த இரண்டு வார்த்தை என்பதுதான் கேள்வி. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் 2022 முதல் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைக்கு என்ன வாசிக்க வருகிறது என்ற விவரம் அது, மாறக்கூடிய விவரம், அடுத்த டீச்சருக்குக் கட்டாயம் போக வேண்டும். அதையே "அவன் எப்பவும் அரும்புதான்" என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னால் அது பட்டப்பெயர் ஆகிவிடும். டி.சி.யில் நடத்தைக்கு என்று ஒரு இடம் இருக்கிறது, அநேகமாக எல்லோருக்கும் 'நன்று' என்றுதான் போடுகிறார்கள். உண்மையான நடத்தைச் சான்றிதழ் போனில் போகிறது, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, மறுத்துப் பேசவும் வழியில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை பள்ளிச் சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது என்று 13-ஆம் பிரிவில் சொல்கிறது. சேர்ந்த பிறகு காதோடு காதாகச் சொல்வதை எந்தச் சட்டம் பிடிக்கும்?

மற்ற விவரங்கள். ஒன்பதாவதுக்கு இரண்டு பாடமும் சேர்த்து மாதம் 900 ரூபாய், பத்தாவதுக்கு 1,100. மாதக் கடைசியில் கொடுத்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5:45 முதல் 8 மணி, சனிக்கிழமை காலையில் தேர்வு. தேர்வு மார்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதில்லை, பேப்பரைப் பிள்ளையிடம் கொடுத்து வீட்டில் கையெழுத்து வாங்கச் சொல்கிறார்கள், எனக்கு அதில் சந்தோஷமே. மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட இடம், ஏப்ரல் மாதம் இரண்டு ஃபேன் போதவே போதாது. பாத்ரூம் ஒன்றுதான், பெண் பிள்ளைகளுக்குத் தனியாக வேண்டும் என்று நாங்கள் சில அம்மாக்கள் கேட்டிருக்கிறோம், செய்கிறேன் என்றார், இன்னும் செய்யவில்லை. தமிழ் மீடியமும் இங்கிலீஷ் மீடியமும் ஒரே வகுப்பில் என்பதால் வடிவியல் மாதிரிப் பாடங்களில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது, நேரம் இழுக்கிறது.

மார்க்கைப் பற்றிக் கேட்பீர்கள். காலாண்டில் கணக்கில் 38, அரையாண்டில் 61. முதலிடம் எல்லாம் இல்லை, அப்படி ஒரு வாக்குறுதியும் அவர்கள் தருவதில்லை. மாவட்ட ரேங்க் குறி வைக்கிறவர்களுக்கு இந்த இடம் சரிவராது, அதற்கு வேறு சென்டர்கள் இருக்கின்றன. பள்ளியில் ஏதோ ஒரு பெயர் ஒட்டிக்கொண்டு அதோடு திண்டாடுகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் இங்கே போய்ப் பாருங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த ஒன்றைக் குறைத்தது அறிவியல் வகுப்புக்கும் பாத்ரூமுக்கும்.

ஜூன் முதல் வாரத்திலேயே போவது நல்லது, ஒரு வகுப்புக்கு இருபது பேருக்கு மேல் எடுப்பதில்லை. கண்ணாடி போடும் பிள்ளை என்றால் பவர் சீட்டைக் கொண்டுபோங்கள், மாத்திரை விவரம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். இண்டூர், பென்னாகரம் பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தை ஃபாரத்தில் கட்டாயம் எழுதுங்கள். எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைகளைப் பத்து நிமிடம் முன்னாலேயே விட்டுவிடுகிறார், எழுதாதவர்கள் எட்டு மணி வரை உட்கார்ந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கிறது.